ஆலங்குளம் பக்கம் பொடி யூனிட்: வேலைக்கு வருகிறவர்கள் ஏன் நிற்க மாட்டேன் என்கிறார்கள்?

பொட்டல்காட்டான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி, வெயில் காலத்தில் கூழ் வத்தல். சென்னையில் ஐடியில் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்ட ஆள் நான். இப்போது 14 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் 12 பேர் பெண்கள், எல்லாரும் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். நெல்லை, தென்காசி, சங்கரன்கோவில் கடைகளுக்குச் சரக்கு போகிறது, சென்னையில் இருக்கும் நம்ம ஊர் அண்ணாச்சி கடைகள் சிலவற்றுக்கும் போகிறது. வியாபாரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை ஆள் விஷயத்தில்தான். பருப்பை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், மிளகாய் வத்தல் கருகாமல் எப்படி வறுக்க வேண்டும் என்று ஒருவரைப் பழக்கி எடுக்கவே சில மாதம் ஆகிறது. கை படிந்து வரும் நேரத்தில் "அண்ணாச்சி, ஊர்ல கோவில் கொடை, முடிஞ்சதும் வாரேன்" என்று போவார்கள். அவ்வளவுதான், திரும்பி வர மாட்டார்கள். விசாரித்தால் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள் என்று தெரிய வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பீடியில் ஒரு நாளைக்கு வருவதைவிட நான் கொடுப்பது கூடுதல். புகையிலை நெடியும் இங்கே கிடையாது. அப்புறம் ஏன் போகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

என்னால் முடிந்ததைச் செய்துதான் வருகிறேன். ரெண்டு வேளை டீ, வடை. தீபாவளிக்குச் சேலை, போனஸ். பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுகிறோம். சீசனுக்கு வேன் பிடித்துக் குற்றாலம் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையில் நான் இருந்த ஆபீஸில் இதற்கெல்லாம் நல்ல பலன் இருந்தது. நம்ம ஊரில் ஒரு பொம்பளை "அங்கே வேலை நல்லாருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்வதற்கு என்னதான் வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "சம்பளத்தைக் கூட்டு" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம், தயவு செய்து.

டவுன்வாசி

சம்பளத்தைக் கூட்டுங்க அண்ணாச்சி.

ஆத்தங்கரை

அண்ணே, எங்க அம்மா பீடி, சித்தி பீடி, பெரியம்மாவும் பீடி. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை லீவு நாளில் நானும் சுளகை மடியில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கூலியோடு கூலியை வைத்துப் பார்க்கிறீர்கள். அம்மா பார்ப்பது முழு நாளை. ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துவிடுவாள். காலையில் குழாயில் தண்ணீர் எப்போது வருமோ தெரியாது, வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு இலை வெட்ட உட்காருவாள், சுற்றச் சுற்றவே அடுப்பில் உலை கொதிக்கும். மாமியாருக்கு மாத்திரை, ஆட்டுக்குத் தண்ணி, மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடையில் சர்க்கரை போட்டிருக்கிறான் என்று யாராவது சொன்னால் ஒரு நடை. சாயங்காலம் சுற்றிய பீடிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போவாள். அங்கே சோதிக்கிற செக்கர் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று ஒரு கை அள்ளி ஓரமாகப் போடுவார், அதற்குத் தினமும் ஒரு சண்டை. கடையில் கொடுத்த இலை மோசமாக இருந்தால் கையிலிருந்து காசு போட்டு வெளியே இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். பீடி நல்ல வேலை என்று சொல்ல வரவில்லை. முதுகு போய்விடும், தூள் நெடியில் இருமல் விடாது, கூலியும் உங்களுக்கே தெரியும். ஆனால் "போயிட்டு வரட்டுமா"ன்னு யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம். மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டால் அந்த மாதம் பாதிதான் சுற்றுவாள், யாரும் அவளை நிறுத்திவிட மாட்டார்கள். இது உங்கள் கணக்கில் வரவில்லை அண்ணே.

இரண்டாவது விஷயம்தான் பெரிசு, அதை நீங்கள் எழுதவே இல்லை. பிஎஃப். பீடி சுற்றுகிற பெண்ணுக்கு அதில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள். 10 வருடம் சேவை இருந்தால் 58 வயதுக்கு மேல் பென்சன். 2014-லிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு ஹோட்டல் பில். அம்மாவுக்கு அது மகனிடம் கை நீட்டாமல் மருந்து வாங்குகிற காசு. ஏழு எட்டு வருடம் சேர்த்து வைத்திருக்கிற ஒருத்தி, பிஎஃப் இல்லாத இடத்துக்கு வந்தால் அந்த வருடக் கணக்கு அப்படியே நின்றுவிடும். "இன்னும் ரெண்டு வருசம் சுத்தினா பென்சன் வந்துரும் மதினி" என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வது என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உங்களிடம் வந்து ரெண்டு மாதம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் கணக்கில்தான் திரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கொடை, காய்ச்சல், கல்யாணம் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது, பஸ். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மினி பஸ்ஸில் உண்டு. உங்கள் யூனிட் எந்த ரூட்டில் இருக்கிறது? மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் போக வர மினி பஸ்ஸுக்கே மாதம் ஒரு தொகை போய்விடும். அதைவிட, ஆறு மணிக்கு விட வேண்டியதை "ஒரு ஆர்டர், ஏழு மணி ஆகும்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் நடக்க வேண்டியது அவள். அதற்கப்புறம் வீட்டில் என்ன பேச்சு கேட்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? உள்ளே வாளியும் தண்ணீரும் இருக்கிறதா? பெண்கள் போகிற வழியில் ஆண்கள் நின்று சரக்கு ஏற்றுகிறார்களா? இது சரியில்லை என்றால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பார்கள். மிளகாய் வறுக்கிற இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

கேக் விஷயம் சிரிப்பு வந்துவிட்டது அண்ணே. எங்க அம்மாவுக்கு அவள் பிறந்தநாளே தெரியாது. ஆதாரில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி.

பாளைக் கணக்கர்

தம்பி, பல வருடமாக இந்தப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்குத் தொழிலாளர் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். மேலே அந்தப் பெண் எழுதியிருப்பது அத்தனையும் சரி. சட்டத்துப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிஎஃப் கட்டாயம் ஆவது 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால். உங்களிடம் 14 பேர்தான், அதனால் இன்றைக்கு உங்கள் மேல் கட்டாயம் இல்லை. ஆனால் முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் சம்மதித்தால் தாமாகவே சேரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் வாயைத் திறப்பதில்லை. சேர்ந்தால் பீடியில் இருக்கும் அதே யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) நம்பரில் உங்கள் யூனிட் கணக்கும் தொடரும், பென்சனுக்கான சேவை வருடங்களும் சேர்ந்துகொண்டே போகும். 20 பேருக்குக் குறைவான இடம் என்பதால் நீங்கள் 10 சதவீதம், அவர்கள் 10 சதவீதம். உங்கள் பங்கில் 8.33 சதவீதம் பென்சனுக்குப் போகும். உங்கள் பங்கையும் அவர்கள் சம்பளத்தில் பிடிப்பது கூடாது. அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அப்படி இல்லை. 10 பேர் இருந்தாலே வந்துவிடும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும். 2019-லிருந்து முதலாளி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் முதல் வேலை அதுதான். அதில் கிடைப்பதைப் பாருங்கள்: குடும்பத்துக்கே வைத்தியம், உடம்பு முடியாத நாளுக்கு 70 சதவீதச் சம்பளம் வருடத்தில் 91 நாள் வரை, பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஆனால் கார்டைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஒருமுறை நீங்களே ஒருவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எந்த ஜன்னலில் என்ன காட்ட வேண்டும் என்று பழக்கிவிடுங்கள். மற்றவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

உட்கார்ந்து பார்க்கிற வேலையா, நின்று பார்க்கிற வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. கடைகளில் நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னை ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டு ஊருக்குத் திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்தோம். பேக்கிங் மேசைக்கு முன்னால் முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி போட எவ்வளவு ஆகப் போகிறது? மெஷின் ஓடுகிற இடம் என்பதால் ஃபேக்டரி சட்டம் உங்களுக்கு வருமா என்பதையும் ஒருமுறை கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி இவற்றோடு பண்டிகை விடுமுறைகளும் சம்பளத்தோடுதான். அதையும் நீங்கள் தருகிற சலுகை மாதிரி பேச வேண்டாம்.

ஒரு பழங்கதை சொல்ல அனுமதி கொடுங்கள். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டது என்ன? கூலியைக் கூட்டு, வேலை நேரத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை லீவு கொடு. பத்து நாளுக்குள் மில்காரர்கள் இறங்கி வந்து கூலியையும் கூட்டினார்கள், ஞாயிறு லீவும் கொடுத்தார்கள். அன்றைக்குத் தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பேட்டையிலும் டவுனிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை ஆளை வரச்சொல்கிற இடம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பேட்டைப் பட்டறை

கணக்கர் சார் சொல்வது எல்லாம் நியாயம். முதலாளிப் பக்கத்தையும் ஒருத்தன் பேச வேண்டாமா? நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஒன்பது பேர். வேலை நேரத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் என் பட்டறை ஓடாது. ஒருத்தன் கடைசல் முடித்தால்தான் அடுத்தவன் துளை போட முடியும். பொடி யூனிட்டிலும் வறுக்கிறவர் வரவில்லை என்றால் அரைக்கிறவர் சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும்? ஆகவே "பீடி மாதிரி நினைத்தபோது வாங்க, போங்க" என்பது எல்லா வேலைக்கும் நடக்காது. பேக்கிங்கை மட்டும் வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள். வறுக்கிறவர், அரைக்கிறவர் மாதச் சம்பளம். பேக்கிங்குக்கு எத்தனை பாக்கெட்டோ அத்தனைக்குக் கூலி, பத்து மணிக்கு வந்தாலும் சரி, மூன்று மணிக்குப் போனாலும் சரி.

என் பட்டறையில் ஆள் நிற்பதற்குக் காரணம் என்று நான் நினைப்பது ரெண்டே விஷயம். ஒன்று, சம்பளத் தேதி. ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. அன்றைக்கு என் கையில் காசு இல்லை என்றாலும் வெளியே புரட்டிக் கொடுத்துவிடுவேன். இன்னொன்று முன்பணம். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், வீட்டில் ஒரு சாவு, காது குத்து என்று கேட்டு வந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்து, நோட்டில் எழுதி, மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்று அவனையே சொல்லச் சொல்வேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றால் கணக்கு முடித்து மிச்சத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுகிற வழக்கம் நம்ம பக்கத்தில் உண்டு, அதை மட்டும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஒரு தடவை அந்தப் பெயர் வந்துவிட்டால் அந்த ஊரிலிருந்து அப்புறம் ஒரு ஆளும் வராது.

தேதியில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் நமக்குக் காசு தேதியில் வர வேண்டும். கடைக்காரர்கள் உங்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறார்கள்? சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? சிறு, குறு நிறுவனத்திடம் சரக்கு எடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் இருக்கிறது. அதைத் தாண்டினால் வட்டி. அதை யாரும் மதிக்கவில்லை என்றுதான் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நாள் தாண்டிக் கொடுக்காமல் வைத்திருக்கிற பணத்தை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பெரிய பார்ட்டிகளின் ஆடிட்டர்களே இப்போது "உத்யம் நம்பர் அனுப்புங்க" என்று நம்மைக் கூப்பிடுகிறார்கள். சின்னப் பலசரக்குக் கடையிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது, அது வேறு கதை. அங்கே சரக்கை அளவாகப் போட்டு, பழைய பாக்கி தீர்ந்த பிறகு அடுத்த பெட்டி என்று வைத்துக்கொள்வதுதான் வழி.

ஆத்தங்கரை

பட்டறை அண்ணாச்சி, பாக்கெட் கணக்குக் கூலி நல்ல யோசனைதான். ஆனால் அதில் செக்கர் வேலை வந்துவிடக் கூடாது. எடை குறைவு, சீல் சரியில்லை என்று கழிப்பதாக இருந்தால் அவள் கண் முன்னாலேயே தராசில் வைத்துக் காட்டிவிட்டுக் கழிக்க வேண்டும். சீல் மெஷின் சூடு ஏறாமல் பாக்கெட் வீணானால் அது மெஷின் செலவு, அவள் கூலி இல்லை. பீடிக்கடையில் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன விஷயம் இதுதான்.

சாரல்காரன்

நான் முதலாளியும் இல்லை, பீடியும் இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பாளையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருடம் விலகக் கூடாது என்று பாண்ட். சம்பளம் ஒரு மாதம் பதினைந்தாம் தேதி, அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "யார் ஆன்லைனில் இருக்கீங்க" என்று கேட்பார்கள். சுவரில் மட்டும் "நாம் ஒரே குடும்பம்" என்று பெரிசாக எழுதி ஒட்டியிருந்தது. கடைசியில் நான் போய் நின்று சர்டிபிகேட் கேட்டபோது அலமாரிச் சாவி எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் மத்தளம்பாறையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2011-லேயே தென்காசி பக்கம் அந்த ஊரில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் வந்துவிட்டது, அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு பிறகு அங்கேயே குடிவந்தார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்து வேலைக்கு எடுக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கம்பெனி 1996-ல் தொடங்கி, வெளிநாட்டில் விற்றுச் சம்பாதித்த பிறகுதான் இங்கே வந்தது. பொட்டல்காட்டான் அண்ணன் மாதிரி மாதக் கடைசியில் பாக்கி வசூலுக்கு அலைகிறவரிடம் "அவங்களைப் பாருங்க" என்றால் நியாயமில்லை. அங்கேயிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்றால், டிகிரி கேட்காமல் ஆளை எடுத்துத் தொழிலைக் கற்றுக் கொடுத்து மேலே ஏற்றுவதுதான். அதற்குக் காசைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

உங்கள் யூனிட்டில் இன்றைக்கு பேக்கிங்கில் சேர்கிற ஒரு அக்கா மூன்று வருடம் கழித்து என்னவாக இருப்பார் என்று அவருக்குத் தெரியுமா? வறுவல் பதம் தெரிந்த அக்காவுக்குத் தனிச் சம்பளம், புதுசாக வருகிறவர்களைப் பழக்குகிற பொறுப்பு, மிளகாய் மூட்டை வந்தால் கையை உள்ளே விட்டுப் பார்த்து "இது வேண்டாம், திருப்பி அனுப்புங்க" என்று சொல்கிற அதிகாரம். நல்ல மிளகாய் எது, ஈரம் பட்ட மிளகாய் எது என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒன்றரை வருடம் கழித்தும் அங்கே "தம்பி, அந்த ஃபைலை எடு" தான்.

பொட்டல்காட்டான்

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். நான் பேசியது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம்.

இஎஸ்ஐ பதிவு இருக்கிறது, ஆனால் கணக்கர் சார் சொன்ன மாதிரி டிஸ்பென்சரியை யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. பிஎஃப் பேச்சை எடுத்ததும் கூட்டம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. பீடியிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் "போடுங்க அண்ணாச்சி, இதை மொதல்லயே கேக்கணும்னு இருந்தோம்" என்றார்கள். வயது குறைந்தவர்கள் "பிடித்தம் வேண்டாம், கையில கொடுங்க" என்கிறார்கள். பெரும்பான்மை சம்மதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், வேண்டாம் என்கிறவர்கள் கையில் வாங்குகிற சம்பளம் குறைந்தால் முணுமுணுப்பு வரும். கணக்கர் சார், இதற்கு என்ன வழி?

நேரம் விஷயத்தில் 9.30 முதல் 4.45 வரை என்று மாற்றலாம் என்று எல்லாரும் சேர்ந்தே சொன்னார்கள். ஐந்து மணிக்கு மெயின் ரோட்டில் டவுன் பஸ் இருக்கிறதாம், அதைப் பிடித்துவிட்டால் மினி பஸ்ஸே தேவையில்லை. இத்தனை நாள் இந்த பஸ் எனக்குத் தெரியாது, நான் பைக்கில் போகிறவன். பெரிய ஆர்டர் வந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், கூடுதல் நேரத்துக்குத் தனிக் கூலி, திரும்பிப் போக ஆட்டோ என் செலவு. பேக்கிங்குக்குப் பாக்கெட் கணக்கு, தராசு அவர்கள் பக்கத்து மேசையில். கழிப்பறைத் தாழ்ப்பாளும் சரக்கு ஏற்றுகிற வழியும் இந்த வாரமே மாறுகிறது.

கொடைதான் தீராத சிக்கல். 14 பேரும் ஆறேழு ஊர்க்காரர்கள். ஒரு ஊரில் சித்திரையில் கொடை, இன்னொரு ஊரில் ஆடியில், வேறொன்றில் ஆவணியில். பங்குனி உத்திரத்துக்கு ஆளுக்கொரு திசையில் சாஸ்தா கோவில், அன்றைக்கு யூனிட்டையே மூடிவிடலாம், அது பிரச்சினை இல்லை. மற்ற கொடைகளுக்கு என்ன செய்வது?

பேட்டைப் பட்டறை

தை மாதமே ஆளுக்கு ஒரு காலண்டரைக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் கொடை செவ்வாய்க்கிழமையில்தான் விழும், அந்த ஊர்க்காரர்களுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். வட்டம் போட்டுக் கொடுத்தால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு, சொல்லாமல் போனால் சம்பளம் இல்லை. நான் இப்படித்தான் செய்கிறேன். மூன்று நாள் என்றால் மூன்று நாளில் வந்துவிடுகிறார்கள். ஒரு நாள்தான் லீவு என்று கறாராக இருந்தபோதுதான் ஒரு வாரம் காணாமல் போனார்கள், சாமி ஆடிய களைப்பு தீர வேண்டாமா? வரி பிரித்துக்கொண்டு கோவில்காரர்கள் உங்களிடமும் வருவார்கள், உள்ளூர் கொடைக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள், மற்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள்.

பாளைக் கணக்கர்

பிஎஃப் கேள்விக்கு: பெரும்பான்மை சம்மதித்து யூனிட் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஆளுக்கு ஆள் வேண்டும், வேண்டாம் என்று பிரிக்கக் கூடாது. ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இளவட்டங்களிடம் பேசி முடித்துவிடுங்கள். நீங்கள் பேசுவதைவிட, பீடியில் பென்சன் வாங்குகிற ஒரு அம்மாவைக் கூட்டி வந்து பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த சம்பள உயர்வையும் பிஎஃப் தொடங்குகிற மாதத்தையும் ஒன்றாக வைத்துவிட்டால் கையில் வாங்குகிற தொகை பழையபடியே இருக்கும், முணுமுணுப்புக்கு இடமிருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை. தாமாகச் சேர்ந்துவிட்டு, வியாபாரம் கொஞ்சம் சுணங்கியதும் வேண்டாம் என்று நினைத்தபடி வெளியே வந்துவிட முடியாது. கூடுதலாக மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, பொடி விலையில் எத்தனை காசு ஏறும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிஎஃப் மண்டல அலுவலகம் நெல்லையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

டவுன்வாசி

நான் ஒரே வரியில் சொன்னதற்கு முறைத்துவிட்டு, இப்போது எல்லாரும் சேர்ந்து அண்ணாச்சிக்கு வைத்த செலவைக் கூட்டிப் பாருங்கள்.

பொட்டல்காட்டான்

கூட்டிப் பார்த்துவிட்டேன். கிலோவுக்குச் சில ரூபாய் ஏறும், அதைக் கடைக்காரர்களிடம் பேசிக்கொள்ளலாம். ஆளைப் பழக்கிப் பழக்கி அனுப்புவதில் போகிற சரக்கு அதைவிட அதிகம். ஒரு கொப்பரை பருப்பு கருகினாலே போச்சு.

ஆத்தங்கரை

அண்ணே, இதை எங்க சித்திக்கு வாசித்துக் காட்டினேன். பிஎஃப் எந்த மாதத்திலிருந்து, ஐந்து மணி பஸ் கடையம் பக்கம் போகிறதா அம்பாசமுத்திரம் பக்கம் போகிறதா என்று கேட்கச் சொன்னாள். தெரு முனையில் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்களாம், ஆனால் மிளகாய் வறுக்கிற இடத்தில் புகை போக்கி இருந்தால்தான் வருவோம் என்கிறார்கள்.

பொட்டல்காட்டான்

முக்கூடல் வழியாக அம்பாசமுத்திரம் போகிற பஸ் அது. பிஎஃப் விண்ணப்பம் இந்த மாதம் போடுகிறேன், எப்போது கிடைக்கும் என்று கணக்கர் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன். புகை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்று இருக்கிறது, போதவில்லை என்று நேற்று இங்கேயும் சொன்னார்கள். இன்னொன்று மாட்டுகிறேன். அதற்கப்புறம் சித்தியையும் அவர்களையும் ஒரு நாள் சும்மா வந்து பார்க்கச் சொல்லும்மா, பிடித்திருந்தால் சேரட்டும்.